அப்பாவுக்கு புராஸ்டேட் வீக்கமா? அறிகுறிகளைக் கண்டுகொள்வது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஐம்பதைத் தாண்டிய ஆண்களுக்காகவும், அவர்களோடு ஒரே வீட்டில் இருப்பவர்களுக்காகவும் எழுதியது. கூட இருப்பவர்களுக்குத்தான் கொஞ்சம் கூடுதலாக. சர்க்கரை அளவை நாலு பேர் நடுவில் சொல்லும் மனிதர், மூட்டு வலியைப் பக்கத்து வீட்டுக்காரரிடம் புலம்பும் மனிதர், ஒன்னுக்குப் போவதில் இருக்கும் சங்கடத்தை மட்டும் மனைவியிடம்கூடச் சொல்ல மாட்டார். அதனால் அவர் சொல்லும்வரை காத்திருந்தால் சரிவராது.

புராஸ்டேட் எங்கே இருக்கிறது? அது ஏன் பெரிதாகிறது?

சிறுநீர்ப்பைக்குக் கீழே, அதன் வாயை ஒட்டி இருக்கும் ஒரு சிறு சுரப்பி. இளவயதில் சுமார் 20 கிராம் எடை, ஒரு நெல்லிக்காய் அளவு. விந்தோடு கலக்கும் திரவத்தைச் சுரப்பது இதன் வேலை. சிறுநீர் வெளியே வரும் குழாய் இந்தச் சுரப்பியின் நடுவே புகுந்து வருகிறது. எல்லாத் தொல்லைக்கும் அதுதான் காரணம். வயது ஏறும்போது குழாயைச் சுற்றியுள்ள உள்பகுதிதான் வளர்கிறது. வளர்ந்த சதை குழாயை நெருக்குகிறது.

ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன், புராஸ்டேட்டுக்குள் டைஹைட்ரோடெஸ்டோஸ்டிரோன் என்ற வீரியம் கூடிய வடிவத்துக்கு மாறுகிறது. பல வருடங்களாக அது தரும் தூண்டுதலில் சதை வளர்கிறது. ஐம்பதுகளில் இருக்கும் ஆண்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு இந்த வளர்ச்சி இருக்கும். எண்பதைத் தாண்டியவர்களில் பெரும்பாலோருக்கு இருக்கும். அவர்கள் எல்லோருக்கும் தொந்தரவு வருவதில்லை. குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்துகொண்டதால் வந்தது, சைக்கிள் மிதித்ததால் வந்தது என்றெல்லாம் சொல்வதற்கு ஆதாரம் கிடையாது.

முதலில் தெரியும் அறிகுறிகள் என்ன?

இரண்டு வகையாகப் பார்த்தால் எளிது. ஒன்று, சிறுநீர் வெளியே வருவதில் தடை. போய் நின்றதும் உடனே வராது. அரை நிமிடம், ஒரு நிமிடம் காத்திருக்க வேண்டும். வந்தாலும் வேகம் இருக்காது, காலடியிலேயே விழும். நடுவில் நின்று நின்று வரும். முக்கினால்தான் வரும். முடிந்தது என்று நினைத்து வேட்டியைச் சரிசெய்த பிறகு நாலு சொட்டு ஒழுகும். முழுதாகப் போன திருப்தி இருக்காது, பத்து நிமிடத்தில் மறுபடி போகத் தோன்றும்.

இரண்டாவது, சிறுநீரைப் பிடித்து வைப்பதில் சிக்கல். அடிக்கடி வரும், அவசரமாக வரும், ராத்திரி எழுப்பிவிடும், சில சமயம் கழிவறைக்குப் போவதற்குள் கொஞ்சம் வந்துவிடும். தடையை எதிர்த்து வருடக்கணக்கில் அழுத்தி அழுத்திச் சிறுநீர்ப்பையின் தசை தடித்துப்போகிறது. அப்புறம் அது பாதி நிரம்பும்போதே சுருங்கத் தொடங்குகிறது.

ஆண்கள் வாய்விட்டுச் சொல்வது பெரும்பாலும் இரண்டாவது வகையைத்தான், தூக்கம் கெடுகிறதே என்று. முதல் வகை மெதுவாக, வருடக்கணக்கில் வருவதால் அவர்களுக்கே உறைப்பதில்லை. “முன்னே இருந்ததுக்கு வேகம் குறைஞ்சிருக்கா?” என்று கேட்டால் “எப்பவும் போலத்தான்” என்பார்கள். “பஸ் ஸ்டாண்ட் கழிவறையில் உங்களுக்கு அப்புறம் வந்தவர் உங்களுக்கு முன்னாடி கிளம்பிப் போகிறாரா?” என்று கேட்டுப் பாருங்கள். யோசித்துவிட்டு ஆமாம் என்பார்கள்.

அப்பா எதையும் சொல்ல மாட்டார். வீட்டில் இருப்பவர்கள் எதைக் கவனிக்கலாம்?

நிறையவே கவனிக்கலாம். கழிவறைக்குள் போனவர் வெளியே வர எவ்வளவு நேரம் ஆகிறது, ராத்திரி எத்தனை தடவை விளக்கு எரிகிறது என்பதெல்லாம் யாரும் கேட்காமலே தெரியும். கல்யாண மண்டபத்தில் நுழைந்ததும் முதலில் பாத்ரூம் எங்கே என்று விசாரிப்பார், அதற்குப் பக்கத்து நாற்காலியாகப் பார்த்து உட்காருவார். வெளியூர்ப் பயணத்துக்கு பஸ் வேண்டாம், ரயில்தான் என்று பிடிவாதம் பிடிப்பார். பயணத்துக்கு முந்தின ராத்திரியிலிருந்தே தண்ணீர் குடிக்க மாட்டார்.

துணியையும் பாருங்கள். வெள்ளை வேட்டி கட்டியவர் திடீரென்று கருநிற லுங்கிக்கும் பேண்ட்டுக்கும் மாறுவது, உள்ளாடையைத் தானே அலசிக் காயப்போடுவது, ஒரே நாளில் இரண்டு தடவை மாற்றுவது எல்லாம் ஒழுக்கு இருப்பதைக் காட்டலாம். கட்டிலுக்கு அடியில் ஒரு பழைய பிளாஸ்டிக் பாட்டில் வந்து சேர்ந்திருந்தால் சந்தேகமே வேண்டாம்.

கோயிலுக்கும் காலை நடைக்கும் தவறாமல் போனவர் நின்றுவிட்டால், சோம்பல், மனச்சோர்வு என்று முடிவுகட்டும் முன் இதையும் ஒருமுறை யோசியுங்கள்.

நான் மருமகள். மாமனாரிடம் இதை எப்படிக் கேட்பது?

நேராகச் சிறுநீரில் ஆரம்பிக்க வேண்டாம். “ராத்திரி தூக்கம் சரியா வருதா மாமா?” என்று கேளுங்கள். தூக்கத்தைப் பற்றிப் பேச எந்தப் பெரியவருக்கும் கூச்சம் கிடையாது. எத்தனை முறை எழுந்திருக்கிறார் என்பது தானாக வந்துவிடும். மீதியை உங்கள் கணவரோ மாமியாரோ கேட்கட்டும். டாக்டரிடம் போகும்போது மட்டும் அவரைச் சில நிமிடங்கள் தனியாகப் பேச விடுங்கள். மகள், மருமகள் முன்னிலையில் பல ஆண்கள் “ஒரு பிரச்சினையும் இல்லை டாக்டர்” என்று சொல்லிவிட்டு வந்துவிடுகிறார்கள்.

வயதானால் எல்லோருக்கும் இப்படித்தானே?

நரைப்பதும்தான் எல்லோருக்கும் வருகிறது, நரையால் சிறுநீரகம் கெடுவதில்லை. புராஸ்டேட் வளர்வது சகஜம் என்பது உண்மை. அதனால் சிறுநீர் தேங்குவது சகஜம் அல்ல. லேசான தொந்தரவு வருடக்கணக்கில் அப்படியே நிற்கலாம், சிலருக்குத் தானாகக் குறையவும் செய்யும். அப்படிப்பட்டவருக்கு மருந்தே வேண்டாம், வருடத்துக்கு ஒருமுறை பார்த்துக்கொண்டால் போதும். ஆனால் நாம் அந்தக் கூட்டத்தில் இருக்கிறோமா, தேங்கும் கூட்டத்தில் இருக்கிறோமா என்பது சோதித்துப் பார்த்தால்தான் தெரியும்.

ராத்திரி எத்தனை தடவை எழுந்தால் கவனிக்க வேண்டும்?

அறுபதுக்கு மேல் ஒருமுறை எழுவது பெரிய விஷயம் இல்லை. இரண்டு, மூன்று என்று ஏறினால் காரணம் தேட வேண்டும். காரணம் எப்போதும் புராஸ்டேட்டாகவே இருக்கும் என்றும் நினைக்க வேண்டாம். இந்த இடத்தில்தான் நிறையப் பேர் தடம் மாறிப் போகிறார்கள்.

சாயங்காலம் காலில் வீக்கம் இருக்கிறதா பாருங்கள். கணுக்காலுக்கு மேல் விரலால் அழுத்தினால் குழி விழுகிறதா? பகலில் காலில் இறங்கிய நீர், படுத்ததும் ரத்தத்துக்குத் திரும்பி, ராத்திரி சிறுநீராக இறங்கும். இதயம், சிறுநீரகம் சார்ந்த கோளாறில் இது வரலாம். ரத்த அழுத்தத்துக்குப் பரவலாகக் கொடுக்கப்படும் அம்லோடிபின் மாத்திரையாலும் கால் வீங்கலாம். அதற்காக மாத்திரையை நீங்களே நிறுத்திவிடாதீர்கள்; டாக்டரிடம் காலைக் காட்டிக் கேளுங்கள். நீர் பிரிக்கும் மாத்திரையைச் சாயங்காலம் போட்டாலும் ராத்திரி ஓட வேண்டிவரும். பலத்த குறட்டையும் நடுவில் மூச்சு நிற்பதும் இருந்தால், அந்தத் தூக்க மூச்சுத் தடையும் ராத்திரியில் சிறுநீரைக் கூட்டும்.

பிரித்தறிய ஒரு நல்ல வழி, எவ்வளவு வருகிறது என்று பார்ப்பது. ராத்திரி ஒவ்வொரு தடவையும் நிறைய, நல்ல வேகத்தில் போனால் உடம்பு ராத்திரியில் அதிகம் நீர் பிரிக்கிறது. கொஞ்சம் கொஞ்சமாக, தயங்கித் தயங்கி வந்தால் பையிலோ வாசலிலோ சிக்கல்.

எழுந்து போகும் வழியையும் கொஞ்சம் பாருங்கள். தூக்கக் கலக்கத்தில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு உடைவது புராஸ்டேட்டைவிடப் பெரிய ஆபத்து. ராத்திரி விளக்கும் ஈரமில்லாத தரையும் இருந்தாலே பாதிக் கவலை தீரும்.

சுகர் இருக்கிறது. இது சுகராலா, புராஸ்டேட்டாலா?

இரண்டாலும் இருக்கலாம், நம் ஊரில் இரண்டும் சேர்ந்தே இருப்பது அதிகம். சர்க்கரை கட்டுக்குள் இல்லாவிட்டால் சிறுநீரின் அளவே கூடும். தாகமும் கூடவே இருக்கும். டாபாகிளிஃப்ளோசின் போன்ற புதிய வகைச் சர்க்கரை மாத்திரைகள் சர்க்கரையைச் சிறுநீர் வழியாக வெளியேற்றுபவை, அவற்றாலும் அளவு கூடும். நீண்ட நாள் சர்க்கரை நோயால் சிறுநீர்ப்பையின் நரம்பு மரத்துப்போவது மூன்றாவது வழி. அப்போது பை நிரம்பியதே தெரியாது, சுருங்கும் வலுவும் இருக்காது. புராஸ்டேட் சின்னதாக இருந்தும் சிறுநீர் தேங்கும்.

இதைப் பிரித்துப் பார்க்க மூன்று நாள் குறிப்பு எழுதச் சொல்வார்கள். செலவில்லாத, மிகப் பயனுள்ள சோதனை. கடையில் ஒரு அளவு ஜாடி வாங்குங்கள், அல்லது மில்லி குறித்த பழைய பிளாஸ்டிக் கப் இருந்தாலும் சரி. ஒவ்வொரு தடவையும் நேரம், எத்தனை மில்லி, அவசரமாக வந்ததா, ஒழுகியதா, எப்போது என்ன குடித்தார் என்று ஒரு தாளில் எழுதுங்கள். “காலை 5.40, 120 மில்லி. 6.15 காபி. 6.50, 90 மில்லி, அவசரம்” என்ற அளவில் இருந்தால் போதும். இப்படி மூன்று நாள் எழுதிய தாளை நீட்டினால் டாக்டருக்குப் பாதி விஷயம் புரிந்துவிடும்.

தொந்தரவு எவ்வளவு என்று அளக்க மதிப்பெண் முறை இருக்கிறதாமே?

இருக்கிறது. உலகம் முழுக்கப் பயன்படும் ஏழு கேள்விப் பட்டியல் அது. கடந்த ஒரு மாதத்தில் முழுதாகப் போகாத உணர்வு, இரண்டு மணி நேரத்துக்குள் மறுபடி போவது, நின்று நின்று வருவது, அடக்க முடியாமை, வேகக் குறைவு, முக்குவது, ராத்திரி எழுவது என்ற ஏழுக்கும் 0 முதல் 5 வரை மதிப்பெண். மொத்தம் 35. ஏழு வரை லேசானது, 8 முதல் 19 வரை நடுத்தரம், 20 முதல் 35 வரை கடுமையானது. கடைசியாக, “மீதி வாழ்க்கை முழுக்க இப்படியே இருந்தால் உங்களுக்கு எப்படி இருக்கும்?” என்று ஒரு தனிக் கேள்வியும் உண்டு. என்னைக் கேட்டால் அந்தக் கேள்விதான் முக்கியமானது. 12 மதிப்பெண் வாங்கியும் கவலையில்லாமல் இருப்பவர் உண்டு, 9 வாங்கித் தூக்கமில்லாமல் தவிப்பவரும் உண்டு.

எந்த அறிகுறி வந்தால் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்?

சிறுநீர் முற்றிலும் அடைத்துக்கொள்வது. பொதுவாக அது எப்படி நடக்கும் என்று சொல்கிறேன். எழுபது வயதுக்காரர், ஏற்கெனவே வேகம் குறைவு. சளிக்கு மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய மாத்திரை ஒன்று போட்டிருக்கிறார். திருநெல்வேலியில் ராத்திரி பஸ் ஏறுகிறார். மதுரையில் வண்டி நின்றபோது கூட்டத்தைப் பார்த்துவிட்டு இறங்கவில்லை, அடக்கிக்கொள்கிறார். விடியற்காலை சென்னையில் இறங்கிப் போய் நின்றால் ஒரு சொட்டு வரவில்லை. அடிவயிறு கல்லாக இறுகி, உட்காரவும் முடியாமல் நிற்கவும் முடியாமல் வேர்த்துக் கொட்டுகிறது.

சளி மாத்திரைகளில் இருக்கும் ஃபெனைலெஃப்ரின், சூடோஎஃபெட்ரின் போன்றவை பை வாயிலுள்ள தசையை இறுக்கும். குளோர்ஃபெனிரமின் பையின் சுருங்கும் வலுவைக் குறைக்கும். நரம்பு வலிக்குக் கொடுக்கும் அமிட்ரிப்டிலினும் இப்படிச் செய்யலாம். மது, கடும் மலச்சிக்கல், நெடுநேரம் அடக்குவது, வேறு ஏதோ ஆபரேஷனுக்கு மயக்க மருந்து வாங்கியது எல்லாம் இந்த அடைப்பைக் கிளப்பிவிடும். புராஸ்டேட் தொந்தரவு உள்ளவர் சளிக்கு மாத்திரை வாங்கும்போது அதை மருந்துக்கடைக்காரரிடம் சொல்லியே ஆக வேண்டும்.

அடைத்துக்கொண்டால் வெந்நீர் ஒத்தடம், நாட்டு மருந்து என்று நேரம் கடத்தாதீர்கள். தண்ணீரை மேலும் மேலும் குடிக்க வைக்காதீர்கள். அருகிலுள்ள ஆஸ்பத்திரியில் சிறுநீர்க் குழாய் வழியாக டியூப் போட்டுத் தேங்கியதை எடுத்தால் சில நிமிடங்களில் உயிர் திரும்பி வந்த மாதிரி இருக்கும். பிறகு மாத்திரை கொடுத்து, இரண்டு மூன்று நாளில் டியூபை எடுத்துத் தானாகப் போகிறாரா என்று பார்ப்பார்கள்.

குளிர் நடுக்கத்தோடு காய்ச்சலும் சிறுநீர் எரிச்சலும் வந்தால் அதுவும் அன்றே காட்ட வேண்டியது. சிறுநீரில் ரத்தம் தெரிந்தால், வலி இல்லாவிட்டாலும், ஒரே ஒரு தடவை வந்து நின்றுவிட்டாலும் காட்டியாக வேண்டும். பெரிதான புராஸ்டேட்டாலும் வரும், சிறுநீர்ப்பைப் புற்றுநோயாலும் வரும். சிறுநீர் அடைப்போடு கால் பலவீனமும், உட்காரும் இடத்தில் மரத்த உணர்வும் சேர்ந்து வந்தால் அது முதுகுத் தண்டு சம்பந்தப்பட்டது. அதில் ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம்.

வலியே இல்லை, ஆனால் சொட்டிக்கொண்டே இருக்கிறது. படுக்கையும் நனைகிறது. ஏன்?

இந்தப் பக்கத்தில் எனக்கு மிகவும் பயம் தரும் கேள்வி இது. கேட்பவர்கள் சாதாரணமாகக் கேட்பார்கள்: “அப்பாவுக்கு அடக்க முடியல, டயப்பர் எது நல்லது?” என்று.

திடீர் அடைப்பு ஆளைக் கத்த வைக்கும், அதனால் எப்படியும் ஆஸ்பத்திரிக்கு வந்துவிடுவார். மெதுவாகத் தேங்குவது அப்படி இல்லை. மாதக்கணக்கில் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் மீந்து மீந்து, பை விரிந்துகொண்டே போகும். சாதாரணமாக 400, 500 மில்லி கொள்ளும் பையில் ஒரு லிட்டருக்கு மேல் நிற்கும். விரிந்த பைக்கு உணர்வு மழுங்கிவிடுவதால் வலி இருக்காது. கொள்ளாத நீர் வழிந்து சொட்டும். பார்ப்பவர்களுக்கு நிறையப் போகிற மாதிரி தெரியும். உள்ளே காலியாவதே இல்லை. அழுத்தம் மேலே ஏறிச் சிறுநீரகங்கள் வீங்கி, ரத்தத்தில் உப்பு என்று பேச்சில் சொல்லும் கழிவு, அதாவது கிரியாட்டினின், ஏறத் தொடங்கும். கால் வீக்கம், பசியின்மை, வாந்தி, அசதி என்று வந்து நிற்கும்போது யாருக்கும் புராஸ்டேட் நினைவு வராது.

வயதான ஆணுக்குப் புதிதாகப் படுக்கை நனைந்தால் டயப்பர் வாங்கும் முன் ஒரு ஸ்கேன் எடுங்கள். தொப்புளுக்குக் கீழே வயிறு உப்பலாக, அழுத்தினால் கெட்டியாக இருக்கிறதா என்று வீட்டிலேயே பார்க்கலாம். தொப்பை என்று நினைத்தது சிறுநீர்ப்பையாக இருப்பதுண்டு. நேரத்தில் டியூப் போட்டால் சிறுநீரகம் பலருக்கு நன்றாகவே தேறிவிடுகிறது.

ஸ்கேன் ரிப்போர்ட்டில் ‘கிரேடு 2 புராஸ்டேட்டோமெகலி’ என்று இருக்கிறது. ஆபத்தா?

வயிற்று வலிக்கு ஸ்கேன் எடுக்கப் போனவர் இந்த ஒரு வரியைப் படித்துவிட்டு ராத்திரியெல்லாம் விழித்திருப்பது வாடிக்கையாகிவிட்டது. அந்த வரி சொல்வது அளவை மட்டும். அளவுக்கும் தொந்தரவுக்கும் நேரடிக் கணக்கு கிடையாது. 80 கிராம் வளர்ந்தும் நிம்மதியாகத் தூங்குபவர் இருக்கிறார், 30 கிராமுக்கே அடைத்துக்கொள்பவரும் இருக்கிறார். சதை வெளிப்பக்கமாக வளர்கிறதா, குழாயை நோக்கி உள்ளே வளர்கிறதா என்பதைப் பொறுத்தது.

ரிப்போர்ட்டில் நீங்கள் தேட வேண்டியது வேறு வரி: சிறுநீர் கழித்த பிறகு பையில் எவ்வளவு மீந்திருக்கிறது என்பது. 50 மில்லிக்குள் என்றால் நிம்மதி. 200-ஐத் தாண்டினால் டாக்டர் அதைத் தீவிரமாகப் பார்ப்பார். சிறுநீரகங்கள் வீங்கியிருக்கின்றனவா, பையில் கல் இருக்கிறதா என்பதும் அடுத்தடுத்த வரிகளில் இருக்கும்.

ஸ்கேன் மையத்தில் ஒரு லிட்டர் தண்ணீர் குடிக்கச் சொல்லி, வரிசையில் ஒன்றரை மணி நேரம் உட்கார வைத்து, பை வெடிக்கிற நிலையில் எடுத்தால் ஆரோக்கியமானவருக்கே சரியாகக் காலியாகாது, மீந்த அளவு கூடித் தெரியும். எண் அதிகமாக வந்தால், சாதாரணமாக முட்டும்போது அவசரமில்லாமல் போய்விட்டு வந்து இன்னொரு தடவை பார்க்கச் சொல்லுங்கள்.

இது புற்றுநோயாக மாறுமா? பி.எஸ்.ஏ கூடியிருக்கிறதே?

சாதாரண வீக்கம் புற்றுநோயாக மாறுவதில்லை. ஆனால் இரண்டும் ஒரே ஆளுக்குத் தனித்தனியாக வரலாம். வீக்கம் உள்பகுதியில் வருகிறது, புற்றுநோய் பெரும்பாலும் வெளிப்புறப் பகுதியில் தொடங்குகிறது. அதனால் ஆரம்பப் புற்றுநோய் சிறுநீர்த் தொந்தரவே தராமல் இருக்கும். சிறுநீர் நன்றாகப் போகிறது என்பதால் புற்றுநோய் இல்லை என்று சொல்லவும் முடியாது, போகவில்லை என்பதால் புற்றுநோய் என்று பயப்படவும் வேண்டாம்.

பி.எஸ்.ஏ என்பது புராஸ்டேட் சுரக்கும் ஒரு புரதம். ரத்தத்தில் அதன் அளவைப் பார்ப்பார்கள். மில்லிலிட்டருக்கு 4 நானோகிராம் என்பது பழைய எல்லைக்கோடு. வீக்கத்தாலும் கூடும், சிறுநீர்த் தொற்றாலும் கூடும், அடைத்துக்கொண்டு டியூப் போட்ட பிறகு நன்றாகவே எகிறும். தொற்றோடு எடுத்த எண்ணைப் பார்த்துப் பதறாமல், குணமாகிச் சில வாரம் கழித்து மறுபடி எடுக்க வேண்டும். முந்தைய ஓரிரு நாளில் விந்து வெளியேறியிருந்தாலும் கொஞ்சம் கூடித் தெரியும். புராஸ்டேட் சதையைச் சுருக்கக் கொடுக்கும் ஃபினாஸ்டிரைட், டூட்டாஸ்டிரைட் மாத்திரைகளை ஆறு மாதத்துக்கு மேல் சாப்பிடுபவருக்கு எண் பாதியாகக் குறைந்து காட்டும். 3 என்று வந்தால் 6 என்று வைத்துக்கொள்ள வேண்டும். லேபில் இருப்பவருக்கு இது தெரியாது, டாக்டரிடம் நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

ஒரு அறிகுறியும் இல்லாத எழுபதைத் தாண்டியவருக்கு வெறும் செக்கப்புக்காக பி.எஸ்.ஏ பார்க்க வேண்டாம் என்று அமெரிக்கத் தடுப்புச் சேவைகள் பணிக்குழு 2018-ல் பரிந்துரைத்தது. பேக்கேஜில் இருக்கிறது என்பதற்காக எடுத்துவிட்டு, பிறகு அந்த எண்ணோடு மல்லுக்கட்டுவது நம் ஊரில் அதிகம். அறிகுறி இருப்பவர் கதை வேறு. முதுகெலும்பு, இடுப்பெலும்பில் விடாத வலியும் எடை குறைவதும் சேர்ந்தால் தள்ளிப்போடவே கூடாது.

விரலை விட்டுப் பார்ப்பார்களாமே?

ஆமாம். ஆசனவாய் வழியாக, உறை போட்ட விரலால் தொட்டுப் பார்ப்பார் டாக்டர். அரை நிமிட வேலை. கூச்சமாக இருக்கும், வலி இருக்காது. புராஸ்டேட்டின் பின்பக்கம் வழவழப்பாக இருக்கிறதா, கல்லுப் போல முடிச்சு இருக்கிறதா என்பது ஸ்கேனைவிட விரலுக்கு நன்றாகத் தெரியும் சந்தர்ப்பங்கள் உண்டு. இதற்குப் பயந்துதான் பாதிப் பேர் டாக்டரிடமே போவதில்லை.

பார்லித் தண்ணீர், வாழைத்தண்டுச் சாறு குடித்தால் சரியாகுமா?

பார்லி, வாழைத்தண்டு, நீர்முள்ளி, சிறுபீளை எல்லாம் சிறுநீரைப் பெருக்க என்று வழிவழியாகக் குடிப்பவை. இங்கே நீர் உற்பத்தியில் குறைவே இல்லை. வெளியேறும் வழிதான் குறுகியிருக்கிறது. நெருக்கடியில் இருப்பவர் ஒரு சொம்பு குடித்தால் முழு அடைப்பில் கொண்டுபோய் விடலாம். வாழைத்தண்டில் பொட்டாசியமும் அதிகம், சிறுநீரகம் ஏற்கெனவே கெட்டவருக்கு அது ஆகாது. சமையலில் பொரியலாகச் சாப்பிடுவதை யாரும் தடுக்கவில்லை.

இணையத்தில் விற்கும் சா பால்மெட்டோ மாத்திரை, ஒப்பிட்டு நடத்திய பெரிய ஆய்வுகளில் மருந்தே இல்லாத வெறும் மாத்திரையைவிட மேலாக ஒன்றும் செய்யவில்லை.

தண்ணீரைக் குறைத்துவிடலாமா?

மொத்தத்தைக் குறைக்க வேண்டாம், நம் வெயிலுக்கு அது கல்லிலும் தொற்றிலும் மலச்சிக்கலிலும் கொண்டுபோய் விடும். நேரத்தை மாற்றுங்கள். பகலில் தாராளமாக, படுப்பதற்கு இரண்டு மணி நேரம் முன்பிருந்து குறைவாக. சாயங்காலக் காபி, டீயைக் குறைத்தாலே சிலருக்கு ராத்திரி ஒரு தடவை மிச்சம். போய் முடித்ததும் உடனே வராமல் ஒரு நிமிடம் நின்று மறுபடி முயன்றால் மீதியும் வரும். உட்கார்ந்து போவது சிலருக்கு இன்னும் எளிது.

மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். என்ன எதிர்பார்க்கலாம்?

டாம்சுலோசின், சைலோடோசின், அல்ஃபுசோசின் வகை பை வாயின் தசையைத் தளர்த்தும். சில நாட்களிலேயே வித்தியாசம் தெரியும். சதையைச் சுருக்காது. ஃபினாஸ்டிரைட், டூட்டாஸ்டிரைட் சதையைச் சுருக்கும், ஆனால் ஆறு மாதம் பொறுக்க வேண்டும். ஒரு மாதத்தில் “வேலை செய்யல” என்று நிறுத்துவது இந்த வகையைத்தான்.

முதல் வகையில் எழுந்ததும் தலைசுற்றலாம். படுக்கை ஓரத்தில் கொஞ்சம் உட்கார்ந்துவிட்டு எழச் சொல்லுங்கள். விந்து வெளியே வராமல் பின்னோக்கிப் போகலாம். கெடுதல் இல்லை, ஆனால் முன்கூட்டியே தெரியாவிட்டால் மனிதர் பயந்துபோவார். அப்புறம் ஒன்று, கண்புரை ஆபரேஷனுக்குப் போகும்போது டாம்சுலோசின் சாப்பிடுவதை, முன்பு சாப்பிட்டிருந்தாலும்கூட, கண் டாக்டரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். கண்மணியின் திரை தளர்ந்து ஆபரேஷன் சிக்கலாகும். முன்பே தெரிந்தால் அவர் தயாராக இருப்பார். டாடலாஃபில் என்ற மாத்திரையைக் கொடுத்திருந்தால், நெஞ்சு வலிக்கு நைட்ரேட் மாத்திரை எடுப்பவர் டாடலாஃபிலைத் தொடக்கூடாது.

குடலிறக்கத்துக்குப் போனோம், டாக்டர் புராஸ்டேட்டைப் பற்றிக் கேட்கிறார். ஏன்?

முக்கி முக்கிச் சிறுநீர் கழிப்பதால் வயிற்றின் அழுத்தம் கூடிக் குடலிறக்கம் வெளித்தள்ளலாம். அந்தக் காரணத்தை விட்டுவிட்டுத் தைத்தால் மறுபடி வர வாய்ப்பு உண்டு. ஆபரேஷன் முடிந்த ராத்திரியே சிறுநீர் அடைத்துக்கொள்வதும் இப்படிப்பட்டவர்களுக்குத்தான். நல்ல கேள்வி கேட்டிருக்கிறார்.

எப்போது ஆபரேஷன்?

மாத்திரை கொடுத்தும் மறுபடி மறுபடி அடைத்துக்கொண்டால், சிறுநீரகம் பாதித்தால், பையில் கல் சேர்ந்தால், தொற்றோ ரத்தமோ திரும்பத் திரும்ப வந்தால். அல்லது மாத்திரையோடு வாழப் பிடிக்கவில்லை என்று அவரே சொன்னால். பெரும்பாலும் வயிற்றைக் கிழிப்பதில்லை. சிறுநீர்க் குழாய் வழியாகவே கருவியை விட்டுச் சதையைச் சுரண்டி எடுப்பார்கள், பெரிய புராஸ்டேட்டுக்கு லேசர். இடுப்புக்குக் கீழே மரக்க ஊசி, சில நாள் டியூப், சில வாரம் சிறுநீரில் அவ்வப்போது சிவப்பு. ரத்தம் உறையாமலிருக்க ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் சாப்பிடுபவர் முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

எந்த டாக்டரிடம், என்ன கொண்டுபோவது?

வழக்கமாகப் பார்க்கும் டாக்டரிடமே தொடங்கலாம். தேவைப்பட்டால் அவர் யூராலஜி நிபுணரிடம் அனுப்புவார். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை பக்கத்தில் இருந்தால் யூராலஜி வெளிநோயாளர் பிரிவு எந்தக் கிழமை என்று விசாரித்துவிட்டுப் போங்கள். முதலமைச்சரின் காப்பீட்டு அட்டை இருந்தால் அதையும் எடுத்துக்கொண்டு, ஆபரேஷன் பேச்சு வந்தால் காப்பீட்டுப் பிரிவில் கேளுங்கள்.

மூன்று நாள் குறிப்பு, பழைய ஸ்கேன், கிரியாட்டினின் ரிப்போர்ட், அவர் சாப்பிடும் எல்லா மாத்திரை அட்டைகளும் ஒரு பையில் இருக்கட்டும். சளிக்கும் தூக்கத்துக்கும் தானாக வாங்கிப் போடுபவையும் அதில் சேர்த்தி. சிறுநீரின் வேகத்தை அளக்கும் கருவியில் போகச் சொல்வார்கள், வினாடிக்கு 15 மில்லிக்கு மேல் என்றால் நல்ல வேகம், 10-க்குக் கீழே என்றால் தடை இருக்கலாம். அதற்கு 150 மில்லியாவது வந்தால்தான் கணக்கு செல்லும். அதனால் கிளம்பும்போது வீட்டில் போய்விட்டு வர வேண்டாம் என்று சொல்லிக் கூட்டிப் போங்கள்.